தவளை முட்டை தின்ற சர்க்கரை

சர்க்கரை ஆலையில திருடன் யாருன்னு கேட்டா எறும்பு, எலின்னுதான் சொல்வோம். நிஜத் திருடன் கண்ணுக்கே தெரியாத ஆளுங்க :-)

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா. பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுத்த ஆலைகளில், சாறு ஓடும் குழாய்களிலும் தொட்டிகளிலும் கொழகொழன்னு ஏதோ சேர்ந்து அடைத்துக்கொண்டது. ஜெர்மன்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'தவளை முட்டை'. இது நுண்ணுயிரிகளின் வேலை என்று 1861ல் சொன்னவர் நம்ம லூயி பாஸ்டர். 1874ல் ஷைப்லர் அந்தப் பிசினுக்கு டெக்ஸ்ட்ரான் என்று பெயர் வைத்தார். 1878ல் வான் டீகெம் அந்தக் கிருமிக்கு லியூகோநாஸ்டாக் மெசன்டெராய்டிஸ் என்று பெயர் சூட்டினார்.

கரும்பிலும் இதே கதைதான். வெட்டுப்பட்ட இடம் வழியா கிருமி உள்ளே போகும். சர்க்கரையை உடைத்து, அதிலுள்ள குளுக்கோஸைக் கோத்துக்கோத்து டெக்ஸ்ட்ரான் ஆக்கிவிடும். போன சர்க்கரை போனதுதான். மிச்சத்தையாவது ஒழுங்கா எடுக்கலாம்னா, பாகு கெட்டியாகி, படிகம் ஊசி மாதிரி நீளமா வளரும். இன்னொரு கூத்தும் உண்டு. சர்க்கரையை ஒளியை வைத்து அளக்கும் கருவியை டெக்ஸ்ட்ரான் ஏமாற்றிவிடும். இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும்!

ஆனா வரலாறு ஒரே பக்கமா இல்லைங்க. 1940களில் ஸ்வீடனின் உப்சாலாவில், பீட் சாற்றில் இருந்த டெக்ஸ்ட்ரானை இங்கெல்மான் ஆராய்ந்தார். அவரும் கிரோன்வாலும் சேர்ந்து, ரத்தம் இழந்தவர்களுக்கு பிளாஸ்மாவுக்குப் பதிலா அதையே ஏற்றலாம் என்று காட்டினார்கள். ஆலைக்காரன் திட்டிய பிசின் ஆஸ்பத்திரியில் உயிர் காத்தது.

சரி, ஆலையில் எப்படித் தடுப்பது? ரோலர் இடுக்குகளில் நீராவியும் வெந்நீரும் அடித்துக் கழுவுகிறார்கள். கிருமிநாசினி ஊற்றுகிறார்கள். மீறி உருவான பிசினை உடைக்க டெக்ஸ்ட்ரானேஸ் என்சைம் இருக்கிறது. ஆனால் உடைந்த பிசின் திரும்ப சர்க்கரை ஆகாது. அதனால் எல்லாவற்றையும்விட மலிவான மருந்து, வெட்டின கரும்பை உடனே அரைப்பதுதான்.

என்னை உறுத்துவது இதுதான். நம்மூரில் கரும்பு விலை சர்க்கரை கட்டுமானத்தோடு கட்டப்பட்டிருக்கு, அதுவும் ஆலையின் சராசரிக் கணக்கில். கட்டிங் ஆர்டர் வந்து வெட்டிய கரும்பு, ஆலை வாசலில் வரிசையில் காய்ந்தால் எடை குறைவது எடைமேடையில் தெரியும். உள்ளே கிருமி தின்ற சர்க்கரை எந்தச் சீட்டிலும் ஏறாது. நேரத்துக்குக் கொண்டுவந்தவரும் சேர்ந்துதான் அந்த நஷ்டத்தைச் சுமக்கிறார். பாஸ்டர் 1861லேயே திருடனைக் காட்டிக்கொடுத்துட்டார். தாமதத்துக்கு யார் பொறுப்புன்னு கேட்க இன்னும் எத்தனை வருஷம் வேணும்?

கரும்பு போடுற குடும்பத்து நண்பர்கள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.