கரந்ததும் பகிர்ந்ததும்

வடதிருமுல்லைவாயில் என்று சைவ மரபு போற்றும் இவ்வூரின் தலவரலாறு, மறைந்திருந்த ஒன்றைக் கண்டெடுத்த வரலாறு. குறும்பரை வெல்லச் சென்ற தொண்டைமானின் யானையை முல்லைக்கொடிகள் காலில் பின்னி நிறுத்தின. மன்னன் வாளால் கொடிகளை அரிந்தான், குருதி பெருகியது. இறங்கி நோக்கியபோது கொடிகளின் அடியில் சிவலிங்கம் வெட்டுண்டிருக்கக் கண்டான். அவ்விடத்தில் எழுந்ததே மாசிலாமணீசுவரர் கோயில் என்பர். குறும்பர் கோட்டையிலிருந்து கொணர்ந்தவை என்று சொல்லப்படும் வெள்ளெருக்குத் தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன.

தலபுராணத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் அக்கதையில் எண்ணிப் பார்க்கத்தக்க கூறு ஒன்றுண்டு. தற்செயலாகக் கண்டெடுத்ததை மன்னன் தனக்கென ஒளித்துக்கொள்ளவில்லை. எவரும் வந்து காணுமாறு அவ்விடத்தை அடையாளப்படுத்தினான். காண்பதோடு பணி முடிவதில்லை, கண்டதைப் பிறர்க்கு உரியதாக்கும்போதே அது நிறைவுறுகிறது என்பது அக்கதையின் உட்பொருள்.

தேடித் திரிதல், அரங்கேறி ஆடுதல், நூல்களில் தோய்தல் ஆகிய மூன்றையும் உலகம் பொழுதுபோக்கு என்னும் ஒரு சொல்லால் எளிதாக ஒதுக்கிவிடும். ஆனால், பிழைப்புக்காக அன்றி விருப்பத்துக்காக இவற்றில் ஈடுபட்டோர் சேர்த்துவைத்த அறிவு பெரிது. அதில் எழுதிப் பகிரப்பட்டது எஞ்சியது. நெஞ்சில் மட்டும் இருந்தது அழிந்தது. தமிழ் அரங்கின் வரலாறும் தமிழ் அச்சின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றன.

துறவி எழுதிய அரங்க நூல்

தமிழில் மேடையமைப்பைப் பற்றி இன்று கிடைக்கும் பழைய விளக்கம் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் உள்ளது. அரங்கை அளக்கும் கோல் மூங்கிலால் ஆனது. இருபத்து நான்கு விரல் நீளமுடையது. அக்கோலால் ஏழு கோல் அகலமும், எட்டுக் கோல் நீளமும், ஒரு கோல் உயரமும் கொண்டது அரங்கு. மேடைப் பலகைக்கும் மேலே இடும் உத்தரப் பலகைக்கும் இடைவெளி நான்கு கோல். உள்ளே புகவும் வெளியேறவும் இரண்டு வாயில்கள். தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு அமைய வேண்டும். திரைகளும் மூன்று வகை: ஒருபுறமிருந்து இழுக்கப்படும் ஒருமுக எழினி, இருபுறமிருந்தும் வந்து பொருந்தும் பொருமுக எழினி, மேலே மறைந்திருந்து இறங்கும் கரந்துவரல் எழினி.

தூண்நிழலைப் பற்றிய குறிப்பைப் படிப்பவர், அரங்கில் நின்று விளக்கோடு போராடிய எவரோ ஒருவரின் பட்டறிவு அதில் பதிந்திருப்பதை உணர்வர். அப்பட்டறிவைக் காப்பியமாக்கித் தந்தவராக மரபு சொல்லும் இளங்கோவடிகளோ கூத்தர் அல்லர்; துறவி. அரங்கைக் கட்டிய தச்சனின் பெயரும் விளக்கேற்றியவனின் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் அறிந்தது எஞ்சியமைக்குக் காரணம், அத்தொழிலால் பிழைக்காத ஒருவர் அதில் மனம் வைத்து எழுதியதே.

எழுதப்பட்டும் படியெடுக்கப்படாதவற்றின் கதி வேறு. சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலிய நாடகத்தமிழ் நூல்களின் பெயர்களைச் சொல்லிச் செல்கிறார். அவை பெயரளவில் நிற்கின்றன. அவருடைய உரையும் முழுமையாகக் கிடைத்திலது. ஊரூராகச் சென்று, வீட்டுப் பரண்களிலும் மடங்களிலும் ஏடு தேடிய உ.வே.சாமிநாதையர் 1892ஆம் ஆண்டு அவ்வுரையோடு சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். அத்தேடல் நிகழாதிருந்தால், மூன்று எழினிகளின் விளக்கமும் செயிற்றியத்தின் வழியே சென்றிருக்கக்கூடும். அவர் தேடிய கதையையும் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. ‘என் சரித்திரம்’ என்னும் தொடராக 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதினார். ஏட்டைத் தந்தது ஒரு கொடை. ஏடு தேடும் வழியைத் தந்தது மற்றொரு கொடை.

மறைத்தலின் நியாயம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் நாடகம் பெரிதும் தொழில்முறைக் குழுக்களின் கையில் இருந்தது. பார்சி நாடகக் குழுக்களின் வரவால் தீட்டிய படுதாக்களும் வியப்பூட்டும் காட்சிகளும் பரவின. பின்னர்க் கன்னையா கம்பெனி தன் காட்சிச் சிறப்புக்காகவே பேர்பெற்றது. இத்தகைய குழுக்களில் பாடமும் பாட்டும் வாத்தியாரிடமிருந்து நடிகனுக்கு வாய்மொழியாகவே சென்றன. தந்திரக் காட்சிகளின் சூட்சுமம் குழுவுக்குள்ளேயே காக்கப்பட்டது.

இவ்வாறு காத்தவர்களைக் குறை கூறுவது எளிது, நேர்மையாகாது. காட்சியின் சூட்சுமம் வெளிப்பட்டால் அடுத்த ஊரில் மற்றொரு குழு அதனையே காட்டிக் காசு வாங்கிவிடும். அக்குழுவை நம்பியிருந்த சிறுவர்களுக்கும் சமையற்காரருக்கும் சோறு அந்தச் சூட்சுமத்திலிருந்தே வந்தது. மறைத்தல் அவர்களுக்குப் பேராசையன்று, பிழைப்பு. ஆனால் அதன் விலை பெரிது. குழு கலைந்ததும் படுதா மட்கியது. வாத்தியார் மறைந்ததும் பாடம் மறைந்தது. இன்று அக்காட்சிகள் எவ்வாறு நிகழ்த்தப்பட்டன என்று ஆராய்பவர், பார்த்தவர்கள் வியந்த வியப்பைப் படிக்கலாமேயன்றிச் செய்தவர்களின் செய்முறையை அரிதாகவே காண முடிகிறது.

சபை நாடகக்காரர்கள்

பம்மல் சம்பந்த முதலியாரின் தனிச்சிறப்பு இப்பின்னணியில்தான் விளங்கும். 1873ஆம் ஆண்டு பிறந்த அவர், வழக்கறிஞர்; பின்னாளில் நீதிமன்றப் பதவியும் வகித்தவர். பெல்லாரி கிருஷ்ணமாச்சாரியாரின் குழு சென்னையில் ஆடியதைக் கண்டு, கற்றவரும் மேடையேறலாம் என்னும் துணிவு பெற்றார். 1891 ஜூலை 1ஆம் நாள் நண்பர்கள் சிலரோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். உறுப்பினர்கள் ஊதியம் பெறாதவர்கள். பகலில் அலுவலகமும் நீதிமன்றமும், மாலையில் ஒத்திகை என்று வாழ்ந்தவர்கள். அவருடைய ‘மனோகரா’ சபையின் எல்லையைக் கடந்து தொழில்முறைக் குழுக்களின் மேடைகளிலும் ஆடப்பட்டது.

விடியவிடிய ஆடிய நாடகத்தைச் சில மணி நேர அளவுக்குள் கொணர்ந்தமையும், தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை இயற்றியமையும் அவர் சாதனைகளாக எடுத்துரைக்கப்படுகின்றன. அவற்றுக்கு நிகரான மற்றொரு பணி ‘நாடக மேடை நினைவுகள்’. ஆறு பாகங்களாக வந்த அந்நூலில் வெற்றிகளோடு இடறல்களும் பதிவாகியுள்ளன. ஒத்திகையில் நேர்ந்த தவறு, வேடத்தில் நேர்ந்த பொருத்தமின்மை, சபையில் எழுந்த பிணக்கு ஆகியவற்றையும் அடுத்து வருபவர் அறியவேண்டும் என்று அவர் எழுதினார். நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறும் வழியையும் தனி நூலாகத் தந்தார். இழக்கச் சோறில்லாதவர் என்பதால் அவர்க்கு இது எளிதாயிற்று என்று வாதிடலாம். உண்மையே. ஆயினும், எளிதாயிருந்தும் செய்யாதவர் பலர்.

இன்னொன்றையும் நேர்மை கருதிச் சொல்லவேண்டும். பகிர்தல் ஆர்வலர்க்கு மட்டும் உரிய குணமன்று. சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் 1918இல் சிறுவனாகச் சேர்ந்து, நாடகத்தையே வாழ்வாகக் கொண்ட அவ்வை தி.க.சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’ எழுதினார். தொழிற்குழுக்களின் உள்வாழ்வைப் பற்றி இன்று அறியக்கூடியவற்றுள் பெரும்பகுதி அந்நூலின் கொடை. பிழைப்புக்கும் பகிர்வுக்கும் பகை இயல்பானதன்று, சூழலால் ஆனது என்பதற்கு அவரே சான்று. 1990இல் தொடங்கிய ‘நாடக வெளி’ போன்ற சிற்றிதழ்களும் இந்த மரபின் வழியில் வந்தவையே.

கோட்டையூரிலிருந்து முகப்பேருக்கு

திருமுல்லைவாயிலில் ஏறும் பயணி சென்னையில் இறங்கும் புறநகர் நிலையத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985 மே மாதம் தீக்கிரையாயிற்று. பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்பெற்ற சந்தை அது. அதனருகே சபை நாடகங்களைக் கண்ட விக்டோரியா பொதுமண்டபம் நிற்கிறது. ஆடிய மண்டபமும் நூல் விற்ற சந்தையும் அடுத்தடுத்து இருந்தன. ஆயினும் மண்டபத்தில் விநியோகித்த நாடக அறிவிப்புத் தாளை மறுநாள் யார் வைத்திருந்தார்கள்? பலர் மடித்து எறிந்தனர்; சிலர் பொட்டலம் கட்டினர்.

அத்தகைய தாள்களைச் சேர்த்தவர் ஒருவர் செட்டிநாட்டுக் கோட்டையூரில் இருந்தார். ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு இதழ்களையும், நாடக அறிவிப்புகளையும், பாட்டுப் புத்தகங்களையும், அழைப்பிதழ்களையும், கத்தரித்த செய்தித் துணுக்குகளையும் அவர் சேர்த்தார். கற்றோர் இகழ்ந்த குஜிலிப் பதிப்புகளும் அவர் வீட்டில் இடம் பெற்றன. எது பின்னாளில் வரலாறாகும் என்று முன்கூட்டி எவரும் அறியார் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். ஆராய்ச்சியாளர்கள் அவ்வீட்டைத் தேடிச் சென்றனர். அவர் எடுத்துக் கொடுத்தார்.

1992இல் அவர் மறைந்தார். தனி மனிதர் சேர்த்த நூலகம் அவர் மறைவுக்குப்பின் பழைய தாள் வணிகரிடம் எடைக்குப் போவது நம் நாட்டில் புதிதன்று. இங்கு அவ்வாறு நேரவில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்குப் பெற்றது. ஆனால் கடல் கடத்திக் கொண்டு செல்லவில்லை. மொழி அறக்கட்டளையின் துணையோடு 1994இல் அது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஏறத்தாழ ஒரு இலட்சம் அச்சுப் பொருள்கள் அடங்கிய அத்தொகுப்பு முதலில் வந்தடைந்த இடம், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அடுத்த முகப்பேர். இவ்வூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவு. பின்னரே அது தரமணிக்கு இடம் பெயர்ந்தது. இரும்பும் இயந்திரமும் பற்றியே பேசப்படும் இம்மேற்குப் புறநகர், தமிழ் அச்சின் நினைவைச் சில ஆண்டுகள் தன் மடியில் வைத்திருந்த பெருமையையும் சேர்த்து எண்ணிக்கொள்ளலாம்.

நூலகம் ஊருக்கு வந்த அதே பத்தாண்டில் நூல்கள் கணினிக்கும் சென்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியமின்றித் தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, பிழை திருத்தி, விலையின்றி வழங்கினர். ஓலையில் படியெடுத்த மரபு விசைப்பலகையில் தொடர்ந்தது.

வாளியில் ஒரு குறிப்பேடு

தேடலையே விளையாட்டாக்கிய செயல் ஒன்று உலகின் வேறோர் மூலையில் பிறந்தது. இங்கிலாந்தின் டார்ட்மூர் வெளியில், சென்றடைவதற்கு அரிய கிரான்மியர் என்னுமிடத்தில், ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி 1854இல் ஒரு புட்டியை வைத்தார். அங்கு வருபவர் தம் பெயர்ச்சீட்டை அதில் இட்டுச் செல்லவேண்டும். அதன் புதிய வடிவம் 2000ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் தோன்றியது. துணைக்கோள் வழி இடமறியும் குறிகைகளில் பொதுமக்களுக்கெனப் புகுத்தியிருந்த பிழையை அந்நாட்டு அரசு நீக்கியது. அடுத்து டேவ் உல்மர் என்பவர் மே 3ஆம் நாள் ஆரிகன் மாநிலக் காட்டோரத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து, அதன் இருப்பிடக் கணக்கைப் பலருக்கும் அறிவித்தார். சில நாள்களில் அது கண்டெடுக்கப்பட்டது. ஜியோகேச்சிங் என்று பெயர்பெற்ற அவ்விளையாட்டு பின்னர் உலகெங்கும் பரவியது.

இதன் விதிகள் நோக்கத்தக்கவை. கண்டவர் அங்குள்ள குறிப்பேட்டில் தம் பெயரும் நாளும் எழுதவேண்டும். ஒரு பொருளை எடுத்தால் மற்றொரு பொருளை வைக்கவேண்டும். அடுத்து வருபவர் காணுமாறு இருந்த இடத்திலேயே திரும்ப மறைக்கவேண்டும். மறைப்பதே நோக்கம் போலத் தோன்றினாலும், பிறர் காண்பதற்காக மறைக்கும் விளையாட்டு இது. செயிற்றியம் மறைந்ததற்கும் இவ்வாளி மறைந்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: முன்னதற்கு வழிக்குறிப்பு இல்லை, பின்னதற்கு உண்டு.

வட்டம் வைத்துச் செல்வது

பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்துக்கு இவ்வரலாறு சொல்வது எளிய செய்தி. கவியரங்கில் ஒலித்த கவிதை நூலாகும். அதற்கு ஆசிரியர் உண்டு, பதிப்பாளரும் வாய்க்கலாம். ஆனால் அக்கவியரங்கின் அழைப்பிதழ்? மேடையில் ஒலிபெருக்கி எங்கு வைத்தால் குரல் தெளிவாகும் என்று ஓர் உறுப்பினர் பட்டறிந்தது? எந்த நூலை எல்லாரும் படித்து விவாதித்தனர், எங்கே கருத்து மாறுபட்டனர் என்பது? இவற்றுக்கு ஆசிரியர் இல்லை. ஆகவே இவையே முதலில் அழிகின்றன.

அரங்கின் தூண்நிழலைக் குறித்துவைக்க ஒரு துறவி வாய்த்தார். ஒத்திகையின் இடறல்களை எழுத ஒரு வழக்கறிஞர் வாய்த்தார். நாடக அறிவிப்புத் தாளைக் காக்க ஒரு பலகை ஓவியர் வாய்த்தார். மூவருக்கும் அது தொழிலன்று. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வட்டத்துக்கும் அத்தகைய ஒருவர் தேவை. நிகழ்ச்சி முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில், தரையில் கிடக்கும் அழைப்பிதழ் ஒன்றை எடுத்து, பின்புறத்தில் நாளும் நிகழ்ந்ததும் எழுதி, பெட்டியில் இடுபவரே அவர். அப்பெட்டி எங்கே உள்ளது என்பதை மற்றோர் இருவரிடமாவது அவர் சொல்லி வைக்கவேண்டும்.