ஆடும் எழுத்துக்கள்

வாசகர் எனக்காக ஒரு சிறு காரியம் செய்ய வேண்டும். இந்தப் புத்தகத்தைக் கையில் பிடித்து, இடமும் வலமுமாக வேகமாக ஆட்டிப் பாருங்கள். எழுத்துக்கள் கலைந்து போகும். இனி, புத்தகத்தை அசையாமல் வைத்துக்கொண்டு, 'வேண்டாம், வேண்டாம்' என்று மறுப்பதுபோல் அதே வேகத்தில் தலையை ஆட்டுங்கள். எழுத்துக்கள் அப்படியே நிற்கின்றன அல்லவா? இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். நாற்பத்திரண்டு வயது வரையில் எனக்கு அப்படிக் கேட்கக்கூடத் தோன்றியதில்லை.

அந்த வயதில் ஒரு நாள் விடியற்காலையில், ஓசூரில் என் வீட்டுக் கட்டில் என்னையும் வைத்துக்கொண்டு சுழல ஆரம்பித்தது. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் ராட்டினம் ஏறியவர்களுக்கு அந்த அனுபவத்தில் கால் பங்கு தெரியும். மூன்று நாள் வாந்தி. நான்காம் நாள் சுழற்சி நின்றது. ஆனால் எழுந்து நடந்தால் தெருவே குலுங்கியது. ஜூஜூவாடிப் பக்கம் போகும் பஸ்ஸின் நெற்றியில் இருப்பது தமிழா கன்னடமா என்பதுகூட நான் நின்று பார்த்தால்தான் தெரிந்தது. புத்தகத்தைப் பிரித்தால், தலை இம்மி அசைந்தாலும் வரிகள் துள்ளின. எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது என்ன பயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

"தலையை ஆட்டாதே கண்ணு, அப்படியே படுத்துக்கோ" என்றாள் அம்மா. மாத்திரை கொடுத்த டாக்டரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். ஐந்து வாரம் படுத்திருந்தேன். எழுத்துக்கள் ஆடிக்கொண்டே இருந்தன.

பிறகு பெங்களூர் போனேன். வலது உட்செவியின் சமநிலை நரம்பை வைரஸ் தாக்கியிருக்கிறது என்றார்கள். அங்கே பயிற்சி கொடுக்கும் ஒரு பெண், ஒரு சீட்டில் ஒற்றை எழுத்தை எழுதி என் கையில் கொடுத்தாள். "கையை நீட்டிப் பிடிச்சுக்குங்க சார். எழுத்தை விட்டுக் கண் எடுக்கக்கூடாது. தலையை மட்டும் ஆட்டுங்க. எழுத்து மங்கற அளவுக்கு வேகம் வேணும். ஆனா முழுக்க மங்கிடக்கூடாது." வீட்டில் எதைச் செய்யாதே என்றார்களோ, அதையே ஒரு நிமிஷம், தினம் பல தடவை செய்யச் சொன்னாள். இந்த முரண்பாடுதான் என்னைப் பழைய சரித்திரத்தில் கொண்டுபோய் விட்டது.

உட்செவியில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. தலை வலப்புறம் திரும்பினால் அவை கண்ணுக்குச் செய்தி அனுப்புகின்றன. கண் அதே அளவு இடப்புறம் திரும்பிவிடுகிறது. ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்குகூட ஆவதில்லை. கண் தானாகவே ஒரு பொருளைப் பார்த்துத் துரத்த வேண்டுமானால் அதைப்போல் பத்து மடங்கு நேரம் பிடிக்கும். புத்தகத்தை ஆட்டினால் மங்குவதும், தலையை ஆட்டினால் மங்காததும் இதனால்தான்.

காதுக்கும் கண்ணுக்கும் உள்ள இந்த உறவை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க வழி கண்டவர் வியன்னாவின் ராபர்ட் பாரனி. காது கழுவும் தண்ணீர் குளிர்ந்திருந்தாலோ சூடு மிஞ்சியிருந்தாலோ நோயாளிகளுக்குத் தலை சுற்றுகிறது, கண் துடிக்கிறது என்பதைக் கவனித்தார். 1914-ஆம் வருஷத்து நோபல் பரிசு அவருக்கு என்ற செய்தி வந்தபோது, அவர் ரஷ்யாவில் யுத்தக் கைதி! ஸ்வீடன் இளவரசர் ஒருவர் தலையிட்டு 1916-ல் அவரை விடுவித்தார்.

ஆனால் கெட்டுப்போன உறவை என்ன செய்வது? அதற்கு இன்னொரு யுத்தம் வர வேண்டியிருந்தது. 1940-களில் லண்டனில், தலையில் அடிபட்டவர்களும் காது ஆபரேஷன் ஆனவர்களும் மாதக்கணக்கில் தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். சுறுசுறுப்பாக நடமாடுகிறவர்கள் சீக்கிரம் தேறுவதை டெரன்ஸ் காதோர்ன் என்ற காது வைத்தியர் கவனித்தார். அவரும் குக்ஸி என்ற டாக்டரும் சேர்ந்து பயிற்சிகள் வகுத்தார்கள். முதலில் படுக்கையில் கண்ணை மட்டும் உருட்டுவது, பிறகு தலை, பிறகு உட்கார்ந்து எழுவது, கையிலிருந்து கைக்குப் பந்து எறிவது, கண்ணை மூடி நடப்பது, படி ஏறுவது. எல்லாம் கூட்டமாக, விளையாட்டாக. மயக்கம் வரவழைக்கும் அசைவைத் தேடிப்போய்ச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். குக்ஸி 1946-ல் இதை எழுதி வெளியிட்டார். அந்த நோயாளிகள் முதல் நாள் அவரை என்ன திட்டியிருப்பார்கள் என்று எனக்கு ஊகிக்க முடிகிறது.

அதே காலத்தில் எதிர்பாராத திசையிலிருந்து இன்னொரு கூட்டம் வந்தது. காசநோய்க்கு அருமருந்தாக வந்த ஸ்ட்ரெப்டோமைசின் உயிரைக் காத்தது. சிலருக்கு உட்செவியைப் பறித்துக்கொண்டது. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், சானடோரியம் போகாமல் வீட்டிலிருந்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கு நிரூபித்தது; பிற்பாடு அங்கே வாரம் இருமுறை ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துப் பார்த்தபோது, டாக்டர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியிருந்த தொல்லைகளில் தலைசுற்றலும் ஒன்று.

அந்த மருந்தால் இரண்டு காதின் சமநிலையும் இழந்த ஓர் அமெரிக்க டாக்டர், 1952-ல் 'ஜே. சி.' என்ற இரண்டெழுத்தோடு ஒரு வைத்தியப் பத்திரிகையில் தன் கதையை எழுதினார். படுக்கையில் படிக்க வேண்டுமானால் கட்டிலின் இரண்டு கம்பிகளுக்கிடையே தலையை இறுக்கி வைத்துக்கொள்வாராம். இல்லாவிட்டால் நாடித் துடிப்புக்கு ஏற்ப எழுத்துக்கள் குதிக்கும்! தெருவில் நடக்கையில் எதிரே வருகிறவர் முகம் தெரியாது, நின்றால்தான் தெரியும். நூறு நாவல் படித்தாலும் கிடைக்காத விவரம் அந்தக் கம்பிகள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. என்னுடையது ஒரு காதுதானே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஏன் பயிற்சி பலிக்கிறது என்பது பிறகுதான் துலங்கியது. மான்ட்ரியாலில் மெல்வில் ஜோன்ஸும் கோன்ஷோரும், இடத்தை வலமாகக் காட்டும் கண்ணாடியைச் சிலருக்கு நாள்கணக்கில் மாட்டிவைத்தார்கள். முதலில் குமட்டல். பிறகு அவர்களுடைய கண்ணின் அனிச்சை அசைவே குறைந்து, திசைகூட மாறத் தொடங்கியது! கண்ணாடியைக் கழற்றிய பிறகு பழைய நிலை மெல்ல மெல்லத் திரும்பியது. இது வெளியானது 1976-ல். பிம்பம் விழித்திரையில் வழுக்குவதே மூளைக்குப் பாடம். அந்த வழுக்கல் இல்லையென்றால் திருத்திக்கொள்ள ஏதும் இல்லை. நான் படுத்திருந்த ஐந்து வாரமும் என் மூளைக்குப் பள்ளிக்கூடம் மூடியிருந்தது என்று இப்போது புரிகிறது.

2003-ல் அமெரிக்காவில் சூசன் ஹெர்ட்மன் ஒரு காது பழுதானவர்களை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு இந்தத் தலையாட்டல். மற்றதற்கு வெறும் கண் பயிற்சி. தலை அசையும்போது எழுத்தைப் படிக்கும் திறன் முதல் பிரிவில்தான் தேறியது. காது புதிதாக வளர்ந்துவிடவில்லை. மிச்சமிருப்பதைக் கொண்டு மூளை சமாளிக்கிறது. தலை திரும்பும் கணத்தில் கண் சின்னத் தாவல் ஒன்று போட்டு இலக்கைப் பிடித்துக்கொள்வதும் உண்டு.

நான் மூன்று மாதம் சீட்டைப் பார்த்துத் தலையாட்டினேன். முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் வாந்தி வரும்போல் இருக்கும். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பிறகு சந்திரசூடேஸ்வரர் மலைப் படிகளில், தலையை இருபுறமும் திருப்பிக்கொண்டே ஏறினேன். யாரையோ தேடுகிறேன் என்று நினைத்து ஒரு பூக்காரி, "யாருங்க சாமி வரணும்?" என்று கேட்டாள்.

ஒரு நாள் பெங்களூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வண்டி குலுங்கியபடி எல்லையைத் தாண்டியது. ஒரு பலகை என்னைக் கடந்து போனது. எனக்குக் கன்னடம் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். கூட்டிப் படித்தேன்: அத்திப்பள்ளி.

களைத்த மாலைகளில் வரிகள் இன்னமும் சற்றே அசைகின்றன. அதனால் காலையில்தான் எழுதுகிறேன்.