குருதியோட்ட விசையும் அகவணிக் கலங்களும்

குருதிக் குழாய்களின் உட்புறத்தை ஒற்றை அடுக்காக மூடியிருக்கும் கலங்கள் அகவணி எனப்படும். ஓடும் குருதி இவற்றை இரு வழிகளில் தாக்குகிறது. ஒன்று, சுவரை வெளிநோக்கித் தள்ளும் அமுக்கம். மற்றது, சுவரோடு உரசி அதை ஓட்டத்தின் திசையில் இழுக்கும் கொய்வுத் தகைப்பு. ஆரோக்கியமான நாடிகளில் பின்னது 1 முதல் 7 பஸ்கால் வரைதான். அமுக்கத்தோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அந்தச் சிறு விசைக்கு ஏற்ப அகவணிக் கலங்கள் தம் வடிவத்தையும் வேலையையும் மாற்றிக்கொள்கின்றன.

ஓட்டம் விரைந்தால் குழாய் அகலமாகிறது என்பதை ரிச்சர்ட் தோமா 1893இல் கோழிக் கருவை ஆராய்ந்து எழுதினார். அதன்பின் நெடுங்காலம் இத்துறையில் பெரிய அசைவில்லை. 1968இல் அமெரிக்கரான டொனால்ட் ஃப்ரை, நாயின் பெருநாடியில் ஓட்டத்தைக் குறுக்கி விரைவுபடுத்தினார். கொய்வுத் தகைப்பு ஏறத்தாழ 38 பஸ்காலைத் தாண்டியதும் கலங்கள் சிதைந்தன. வேகமே நாடியைக் கெடுக்கிறது என்று பலர் முடிவுகட்டினர். மறு ஆண்டே லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கொலின் காரோ குழுவினர் நேர்மாறாகச் சொன்னார்கள்: கொழுப்புப் படிவது இழுவிசை குறைந்த இடங்களிலேயே. கொழும்பில் கொம்பனித்தெருவை ஒட்டிய பேரை வாவியிலும் பாசி பிடிப்பது நீர் தேங்கும் மூலையில்தானே.

டேவிட் கூ, டொன் கிடென்ஸ் முதலியோர் 1985இல் கழுத்து நாடி கிளைபிரியும் இடத்தை ஆராய்ந்து காரோவின் கட்சியை வலுப்படுத்தினர். இழுவிசை குறைந்தும், ஒவ்வொரு துடிப்பிலும் முன்னும் பின்னுமாகத் திசை மாறியும் வந்த இடங்களிலேயே சுவர் தடித்திருந்தது. அதற்காக ஃப்ரையைத் தவறியவர் என்று ஒதுக்குவது நியாயமாகாது. அவர் கண்டது உண்மை. ஆனால் உடலில் வழமையாக நேராத அளவில் கண்டார்.

இதற்கிடையே 1981இல் ஃபோர்ப்ஸ் டூயி, மைக்கல் ஜிம்புரோனே குழுவினர், தட்டில் வளர்த்த கலங்களின்மேல் சுழலும் கூம்பினால் ஓட்டத்தை உண்டாக்கினர். பலகோண வடிவக் கலங்கள் நீண்டு ஓட்டத்தின் திசையில் சாய்ந்தன. சீரான ஓட்டத்தில் கலங்கள் நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரந்து நாடியைத் தளர்த்துவதும், குருதி உறைவதைத் தடுப்பதும் பின்னர் தெளிவாயின. விசையை உணரும் வாயில்களுள் ஒன்று பியேசோ1 என்ற புரதம். அதைக் கண்டறிந்த ஆர்டம் பட்டபூட்டியன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இலங்கையில் பிறந்த அஜித் யோகநாதனின் பங்கு இதயவால்வைச் சார்ந்தது. லண்டனிலும் கலிபோர்னியாவிலும் இரசாயனப் பொறியியல் படித்த அவர், ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் செயற்கை வால்வுகளூடாகக் குருதி பாயும் விதத்தைப் பல தசாப்தங்கள் ஆராய்ந்தார். பெருநாடி வால்வு ஒரு விசித்திரமான இடம். அதன் கீழ்முகத்தை ஒருதிசை ஓட்டம் விரைந்து உரசுகிறது. பெருநாடியை நோக்கிய மேல்முகத்தில் மெல்லிய சுழிப்பு. 2004இல் அதே கழகத்தின் ஜொனதன் பட்சர், ரொபேட் நெரெம் முதலியோர், வால்வின் அகவணிக் கலங்கள் நாடிக் கலங்களைப் போலன்றி ஓட்டத்துக்குக் குறுக்காக அடுக்கப்படுவதைக் காட்டினர். 2009இல் யோகநாதனும் பிலிப் சுகோஸ்கியும் சகாக்களும் பன்றி வால்வின் மேல்முகத்துக்குக் கீழ்முகத்தின் ஓட்டத்தைக் கொடுத்துப் பார்த்தபோது அழற்சி அறிகுறிகள் பெருகின. நாடிக்கு நன்மை செய்யும் ஒருதிசை ஓட்டம் இங்கே தீங்காயிற்று. நல்ல ஓட்டம், கெட்ட ஓட்டம் என்ற பழைய பிரிவைவிட, கலம் எந்த ஓட்டத்துக்குப் பழகியது என்ற கேள்வியே பொருத்தமானது என்று இதைக் கொண்டு கருதலாம்.

வாதக் காய்ச்சலால் வால்வு பழுதான இலங்கை நோயாளருக்கு இதெல்லாம் தொலைவான கதையல்ல. இயந்திர வால்வுக்கு அகவணியின் காப்பு இல்லை. பிணைச்சல் இடுக்குகளில் குருதி கடுமையாக உரசப்பட்டும் தேங்கியும் உறைகிறது. ஆகவே ஆயுள் முழுவதும் வாபரின் குளிசை, இடைக்கிடை குருதிச் சோதனை. விலங்கு இழையத்தால் செய்த வால்வுக்கு அந்தத் தொல்லை குறைவு என்றாலும், இளவயதினரில் அது விரைவாகச் சுண்ணாம்பேறிவிடுவதால் அவர்களுக்குப் பெரும்பாலும் இயந்திர வால்வையே பொருத்துகிறார்கள்.