ஒரு பாட்டிலில் ரெண்டு விலாசம்

நம்ம கூட்டமைப்பு மாங்காய் ஊறுகாய் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்க. தயாரிக்கும் இடம் என்று ஒரு விலாசம் இருக்கும். அதற்குக் கீழே அலுவலகம் என்று இன்னொன்று இருக்கும். “ஒரே ஊறுகாய்க்கு எதுக்கும்மா ரெண்டு விலாசம்? ஏமாத்து வேலையா?” என்று மாதக் கூட்டத்தில் ஒரு பெரியம்மா நேராவே கேட்டுட்டாங்க. ஏமாத்து வேலை இல்லீங்க. சொல்லப்போனால் ரெண்டு என்பதே குறைவு. நம்ம பைலைப் பிரித்தால் ஏழெட்டு இடத்தில் விலாசம் எழுதியிருக்கும், எல்லாம் ஒன்றாகவும் இருக்காது.

நான் பத்தாவது படித்தவள். கூட்டமைப்பில் கணக்கு நோட்டு எழுதுவதால் பதிவுக் காகிதமெல்லாம் என் கைக்குத்தான் வரும். மலருக்கு ஏதாவது எழுது என்று தலைவி அக்கா சொன்னபோது, கோலம், சமையல் குறிப்பெல்லாம் மற்றவங்க எழுதுவாங்க, நாம இந்த விலாசத்தோட வரலாறை எழுதலாம் என்று தோன்றியது.

எங்க பாட்டி காலத்தில் வியாபாரத்துக்கு விலாசமே கிடையாது. சந்தையில் புளி விற்றாங்க. புளியில் கொட்டை அதிகமாயிருந்தால் அடுத்த வாரம் அதே இடத்தில் வந்து சண்டை போடலாம். முகம்தான் விலாசம். பொருள் ஊர் தாண்டிப் போனதும், கடன் வாங்கினவர் ஒரு ஊர், கொடுத்தவர் ஒரு ஊர் என்று ஆனதும்தான் ஆளை எங்கே தேடுவது என்ற கேள்வி வந்தது.

வெள்ளைக்காரன் காலத்துக் கம்பெனிச் சட்டம் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்தது. கம்பெனிக்குக் கை, கால், வீடு, வாசல் கிடையாது. அதன் மேல் வழக்குப் போட்டால் சம்மனை யார் கையில் கொடுப்பது? அதனால் பதிவு அலுவலகம் என்று ஒரு இடத்தை எழுதிக் கொடு, அங்கே கடிதம் போட்டால் உனக்கே கொடுத்ததாக அர்த்தம் என்றார்கள். 1882, 1913, 1956, 2013 என்று சட்டம் மாறி மாறி வந்தது. பதிவு அலுவலகம் மட்டும் போகவே இல்லை. வெளியே பெயர்ப் பலகை மாட்டணும், அது உள்ளூர் மொழியிலும் இருக்கணும் என்பது இன்றைக்கும் சட்டம். கம்பெனி நமக்கு எதுக்கு என்று நினைக்காதீங்க. நம்மில் பல பேர் பங்கு வைத்திருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கே, அதுவும் சட்டப்படி கம்பெனிதான்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது 1897ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று. பொது வாசகங்கள் சட்டம் என்று பெயர். அதில் 27வது பிரிவு. சரியான விலாசம் எழுதி, தபால் தலை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினால், வழக்கமாகக் கடிதம் போய்ச் சேரும் நேரத்தில் அது போய்ச் சேர்ந்ததாகவே எடுத்துக் கொள்ளலாம் என்கிறது. வரவில்லை என்றால் நாமதான் நிரூபிக்கணும். நூறு வருடம் தாண்டியும் இந்த வரி உயிரோடு இருக்கிறது. நாம் வீடு மாறிவிட்டு விலாசத்தை மாற்றாமல் விட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்க. பழைய வீட்டுக்குப் போன நோட்டீசும் நாம் வாங்கின கணக்குதான்.

அடுத்து 1932இல் கூட்டு வியாபாரச் சட்டம். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான். நாலு பேர் சேர்ந்து கடை வைத்துப் பதிவு செய்தால் மூன்று விதமான இடம் எழுதணும். முக்கியமாக வியாபாரம் நடக்கும் இடம் ஒன்று. வேறு எங்கெல்லாம் வியாபாரம் நடக்கிறதோ அந்த இடங்கள். அப்புறம் ஒவ்வொரு பங்காளியின் நிலையான வீட்டு விலாசம். கடை ஒரு இடம், கிளை ஒரு இடம், ஆள் ஒரு இடம். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் நாம் நிரப்புகிற படிவத்தை எல்லாம் பார்த்தால் இந்த மூன்றைத்தான் வேறு வேறு பெயரில் கேட்கிறார்கள்.

விற்பனை வரியில் நம்ம மாநிலம்தான் முன்னோடி. 1939இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல். வரி போட்டால் கடை எங்கே, குடோன் எங்கே என்று தெரியணும் இல்லையா? 1959இல் புதுச் சட்டம், 2007இல் வாட், 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. இப்போது அதில் முதன்மை வணிக இடம் என்று ஒன்று, கூடுதல் வணிக இடம் என்று எத்தனை வேண்டுமானாலும். சரக்கு வைக்கிற அறை தனியாக இருந்தால் அதையும் காட்டணும். சான்றிதழை ஒவ்வொரு இடத்திலும் கண்ணில் படும்படி மாட்டணும், வாசல் பலகையில் எண்ணையும் எழுதணும். இடம் மாறினால் 15 நாளில் தெரிவிக்கணும்.

வருடத்துக்கு 40 லட்சத்துக்கு மேல் சரக்கு விற்றால்தானே ஜி.எஸ்.டி. என்று சிலர் சொல்வாங்க. சரிதான். ஆனால் நமக்குப் பெங்களூரு பக்கம். ஓசூர் தாண்டி அந்த மாநிலத்துக் கடைக்கு ஊறுகாய் அனுப்பினால் அந்த 40 லட்சக் கணக்கு செல்லாது, பதிவு எடுத்தே ஆகணும்.

பக்கத்து ஒன்றியத்தில் ஒரு குழுவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வாடகை வீட்டில் பொடி அரைத்து விற்றாங்க. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னதால் ரெண்டு தெரு தள்ளிப் போனாங்க. பதிவில் பழைய விலாசமே இருந்தது. அதிகாரி வந்து பார்க்கும்போது பழைய வீடு பூட்டியிருந்தது. சொன்ன இடத்தில் வியாபாரம் இல்லை, பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று நோட்டீஸ் வந்தது. பதில் சொல்ல 7 வேலை நாள். அந்த நோட்டீஸ் போனது மின்னஞ்சலுக்கு. மின்னஞ்சல் யாருடையது? பதிவு போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர் கடைத் தம்பியுடையது! அவர் கடையை மூடிவிட்டு வெளியூர் வேலைக்குப் போய்விட்டார். பதிவு ரத்தானது தெரியும்போது தீபாவளி ஆர்டர் கையில் இருந்தது, பில் போட முடியவில்லை. ஆர்டர் போனது. மின்னஞ்சலும் செல்போன் நம்பரும் இந்தக் காலத்தில் விலாசம்தான் சகோதரிகளே. அதை அடுத்தவர் பெயரில் வைக்கவே கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் கடிதம் எங்கே வரும், வரி எங்கே என்ற கேள்வி. சாப்பாட்டுச் சட்டம் கேட்பது வேறு. அதற்குத் தலைவி வீடு எங்கே என்பது முக்கியம் இல்லை. அடுப்பு எங்கே எரிகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஈ மொய்க்கிறதா என்று வந்து பார்க்க ஒரு இடம் வேண்டும். 1954இல் கலப்படத் தடுப்புச் சட்டம் வந்தது. 1955இல் பழப் பொருள் ஆணை வந்தது. முன்னெல்லாம் ஊறுகாய், ஜாம் பாட்டிலில் எஃப்.பி.ஓ. என்று ஒரு முத்திரை இருக்குமே, அது இதனால்தான். பிறகு 2006 சட்டத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக்கினார்கள். 2011 ஆகஸ்டில் உரிம விதிகள் நடைமுறைக்கு வந்தன. 14 இலக்க எண் அப்படி வந்ததுதான். அந்த எண் ஆளுக்குக் கொடுப்பது அல்ல, இடத்தோடு கட்டியது. ரெண்டு சமையற்கூடம் இருந்தால் ரெண்டு எண். கூடத்தை மாற்றினால் எண்ணைச் சட்டி பானையோடு தூக்கிக்கொண்டு போக முடியாது.

உத்யம் பதிவு இதற்கு நேர் எதிர். 1978இல் மாவட்டத் தொழில் மையங்கள் வந்தன. சிறுதொழில் பதிவுக்கு அங்கே நடையாய் நடக்கணும். 2015இல் உத்யோக் ஆதார், 2020 ஜூலை 1 முதல் உத்யம் என்று வீட்டிலிருந்தே போடலாம் என்று ஆனது. இதில் ஒரு தொழிலுக்கு ஒரே எண்தான். ஆனால் படிவத்தில் தொழிற்கூடம் இருக்கும் இடம் தனியாக, அலுவல் முகவரி தனியாகக் கேட்பார்கள். எத்தனை கூடம் இருந்தாலும் அந்த ஒரே எண்ணுக்குள் சேர்க்கலாம். இதைத் தெரியாமல் இடத்துக்கு ஒன்று என்று உத்யம் எடுக்கப் பார்க்கிறவங்களும் உண்டு, ரெண்டு கூடத்துக்கு ஒரே உணவு எண் போதும் என்று இருக்கிறவங்களும் உண்டு.

பாட்டிலின் பின்பக்கம் எழுதுவது எடையளவுச் சட்டத்துக்காக. 1977இல் வந்த பொட்டலப் பொருள் விதிகள், 2011இல் புதிதாக்கப்பட்டன. தயாரித்தவர் பெயர், விலாசம் வேண்டும். பொட்டலம் போடுபவர் வேறு என்றால் அவருடையதும் வேண்டும். புகார் சொல்ல ஒரு ஆள், போன் நம்பரும் வேண்டும். இது அதிகாரிக்காக இல்லை, வாங்கிச் சாப்பிடுகிறவருக்காக. பாட்டியின் புளியில் கொட்டை இருந்தால் சந்தையில் வந்து கேட்டார்களே, அந்த உரிமைதான் லேபிளில் அச்சாகியிருக்கிறது. விலாசத்தில் பின்கோடும் போடுகிறோம். அது 1972 ஆகஸ்டு 15இல் வந்தது. வேலங்கர் என்ற தபால் துறை அதிகாரி வகுத்தது. தமிழ்நாட்டு எண் எல்லாம் 6இல் தொடங்கும். ஒரே பெயரில் எத்தனை ஊர், எத்தனை பட்டி இருக்கிறது நம்ம பக்கம்! பின்கோடு இல்லாவிட்டால் புகார்க் கடிதம் வேறு பட்டிக்குத்தான் போகும்.

நாம் ஒன்றுமே செய்யாமல் விலாசம் மாறுவதும் உண்டு. நம்ம ஊர் 1965 வரை சேலம் மாவட்டம். அந்த வருடம் அக்டோபர் 2 முதல் தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது. மாமனார் பத்திரத்தில் சேலம், மாமியார் பழைய பாஸ்புக்கில் தருமபுரி, என் ஆதாரில் கிருஷ்ணகிரி. மூன்றையும் ஒரே இடம் என்று நம்ப வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

நம்ம குழுக்களுக்கே ஒரு விலாச வரலாறு இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தக் குழு வேலை 1989இல் அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதி உதவியோடு தொடங்கியது. அதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. 1992இல் நபார்டு 500 குழுக்களை வங்கியோடு இணைத்துச் சோதனை பார்த்தது. அப்போதெல்லாம் குழுவுக்கு ஊக்குநர் வீடுதான் விலாசம். ஊக்குநர் மாறினால் வங்கிக் கடிதம் பழைய ஊக்குநர் வீட்டு எரவாணத்தில் செருகியிருக்கும். கூட்டமைப்பைச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்தபோதுதான் நமக்கென்று ஒரு பதிவு அலுவலகம் வந்தது. 1975ஆம் வருடத்துச் சட்டம் அது. அந்த இடத்தை மாற்றினால் தீர்மானம் போட்டு மாவட்டப் பதிவாளருக்கு எழுதணும்.

பெண்களுக்கு இதில் தனியாக ஒரு கஷ்டம் இருக்கிறது. பிறந்த வீட்டு விலாசம் கல்யாணத்தோடு போய்விடும். புகுந்த வீட்டில் பட்டா மாமனார் பெயரில், கரண்ட் கார்டு வீட்டுக்காரர் பெயரில், வீட்டு வரி ரசீதும் ஆண் பெயரில். எந்தப் பதிவுக்குப் போனாலும் முதலில் கேட்பது கரண்ட் பில்லும் வரி ரசீதும்தான். நமக்கு இடத்துச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம் வேண்டும். ஒரு அலுவலகத்தில் என்னிடம், “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா, அவர் பேர்லயே போட்டுடலாம், சுலபம்” என்றார்கள். சுலபம்தான். அப்படிப் போட்டால் தொழில் அவருடையதாகிவிடும். கடனும் மானியமும் அவர் பேருக்கு வரும், அடுப்பு மட்டும் நம்முடையது. 1989இல் தமிழ்நாட்டில் மகளுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது பொருந்தாமல் போனது. 2005இல் நாடு முழுக்க வந்தது. சட்டம் வந்த அளவுக்கு ரசீதில் பெயர் மாறவில்லை என்பது என் எண்ணம்.

இந்த மாங்காய்ப் பருவத்துக்கு ரெண்டாவது கூடம் எடுக்கிறோம். கீழத்தெருவில் நம் உறுப்பினர் ஒருவருடைய மாமியார் வீட்டின் முன்பகுதி. அதற்குப் புது உணவுப் பதிவு ஒன்று, உத்யத்தில் கூடத்தைச் சேர்ப்பது, ஜி.எஸ்.டி.யில் கூடுதல் இடம் காட்டுவது, லேபிளில் விலாசம் மாற்றுவது என்று வேலை இருக்கிறது. பதிவு அலுவலகம் மாறாததால் பதிவாளருக்கு எழுத வேண்டியதில்லை. அந்த வீட்டு வரி ரசீது மட்டும் அந்த அம்மா பெயரிலேயே இருக்கிறது. பால் விற்ற காசில் வாங்கின வீடாம். சம்மதக் கடிதம் எழுதிக்கொண்டு போனேன். மைப்பெட்டியை நீட்டியபோது, “கைநாட்டு வேண்டாம், முதியோர் கல்வியில படிச்சிருக்கேன்” என்று சொல்லி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பெயர் எழுதிக் கொடுத்தாங்க. கடிதம் பைலில் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுதியதும் விண்ணப்பம் போட வேண்டியதுதான்.