நாயின் பல்லும் ஆண்டானின் கையும்

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம்மவர் பழமொழி. அம்புக்கு உயிரில்லை, ஆகையால் அதனை நோவதிற் பொருளில்லை என்பது எவர்க்கும் எளிதில் விளங்கும். ஆனால், எய்யப்படுவது உயிருள்ள பிராணியாயின்? அது தானே ஓடி, தானே பாய்ந்து, தன் பல்லாலேயே கடிக்குமாயின்? அப்பொழுது எய்தவனை மறந்துவிடுவது எளிது. அவனும் கையைக் கட்டிக்கொண்டு, "அது அதன் பிறவிக் குணம்" என்று கூறி விலகி நின்றுவிடலாம். மனிதன் நாயை ஆயுதமாக்கிய வரலாறு பெரும்பாலும் இவ்வாறு விலகி நின்றோரின் வரலாறேயாகும்.

இதனை ஆராய்வது நாய்ப்பிரியரின் பொழுதுபோக்கன்று. "மூர்க்கம் இரத்தத்திலேயே ஊறியது, அதனை எவராலும் மாற்ற இயலாது" என்ற வாதம் முதலில் நாயைப் பற்றிக் கூறப்படுகிறது. சற்றுப் பின்னர் அதே வாதம் மனிதனைப் பற்றியும் கூறப்படுகிறது. போரும் இனக்கொலையும் இயற்கையின் நியதிகள் என்று நிறுவ முயல்வோர்க்கு அது வாய்ப்பான படிக்கல்லாகிவிடுகிறது. எனவே, படியின் முதற்கல்லையே நாம் தட்டிப் பார்ப்பது தகும்.

நாயும் மனிதனும் கூடி வாழ்ந்தமைக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, 1914ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பொன் நகருக்கு அண்மையிலுள்ள ஒபர்காசல் என்னும் இடத்திற் கல்லுடைக்கும் தொழிலாளரால் வெளிக்கொணரப்பட்டது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அப்புதைகுழியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஓர் இளநாயும் கிடந்தனர். அந்நாயின் பற்களை அண்மையில் ஆராய்ந்தோர், அது குட்டிப் பருவத்திற் கொடிய நோயால் மீண்டும் மீண்டும் வருந்தியதென்றும், மனிதரின் பராமரிப்பு இன்றேல் அத்தனை காலம் உயிர் தரித்திருக்க முடியாதென்றும் கண்டனர். நோயுற்ற குட்டியால் வேட்டைக்கும் பயனில்லை, காவலுக்கும் பயனில்லை. ஆயினும் அதனைப் பேணினர். இவ்வுறவின் தொடக்கத்திலேயே பரிவு இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

காவல் என்னும் தொழில் மந்தையோடும் சொத்தோடும் வளர்ந்தது. உரோம நாட்டு அறிஞர் வார்ரோ, கி.மு. 37 அளவில் எழுதிய வேளாண்மை நூலில் ஒரு செய்தி கூறுகின்றார். ஒருவர் உம்பிரியாப் பகுதியில் ஆட்டு மந்தைகளை நாய்களோடு விலைக்கு வாங்கித் தென்னித்தாலிய மேய்ச்சல் நிலத்துக்குக் கொண்டுசென்றார். பழைய இடையர் மந்தையைச் சேர்ப்பித்துவிட்டுத் திரும்பினர். சில நாட்களில் நாய்களும் பலநாள் வழியைக் கடந்து பழைய இடையரிடமே போய்ச் சேர்ந்தன. விலைச்சீட்டு மாற்றிய உடைமையை நாய்கள் ஒப்புக்கொள்ளவில்லை! அவை காத்தது தாம் பழகிய உயிர்களை. எவனோ ஒருவனின் சொத்தை அன்று.

அவர்க்குப் பின்வந்த கொலுமெல்லா, ஓநாயினின்று வேறு பிரித்தறிய மந்தை நாய் வெள்ளையாகவும், திருடனை அச்சுறுத்த வீட்டு நாய் கறுப்பாகவும் இருத்தல் நன்று என்று எழுதினார். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலிற் புதையுண்ட பொம்பெயி நகரின் மாளிகை வாயிலொன்றில், சங்கிலியிற் கட்டிய கருநாயின் உருவமும் 'நாய் கவனம்' என்ற எச்சரிக்கையும் சிறு கற்களாற் பதிக்கப்பட்டிருக்கின்றன. நம்மூர் மதில்களிற் காணும் அறிவிப்புக்கு வயது ஈராயிரம் எனலாம். மந்தையோடு சுதந்திரமாக நடந்த நாய், செல்வனின் வாயிலிற் சங்கிலி பூண்டு நிற்கிறது.

இனி, விஞ்ஞானம் கூறுவதைப் பார்ப்போம். நாம் 'மூர்க்கம்' என்ற ஒரே சொல்லால் அழைப்பது ஒரே பொருளன்று. வேட்டை வேறு, கோபம் வேறு. ஓடும் முயலைத் துரத்தும் நாய்க்கு முயல்மீது பகையில்லை. ஓட்டம் துரத்தலைத் தூண்டுகின்றது, அவ்வளவே. அஞ்சிய நாய் கடிப்பது தப்புவதற்காக. தன்னைச் சேர்ந்தோரைக் காக்கும் நாய் குரைத்து, குறுக்கே நின்று, வந்தவன் விலகினால் தானும் அடங்கும். இம்மூன்றுக்கும் மேலாக, மனிதன் பழக்கிக் கொடுக்கும் கடியும் உண்டு. தேர்ந்த பயிற்சியாளரிடம் நாய், கையுறை போன்ற தடித்த உறையைக் கவ்வி இழுக்கும் விளையாட்டாகவே இக்கடியைக் கற்கின்றது. ஆகவே, ஒரு கைதியின் கையைக் கவ்வும் நாய், தன்னளவில் விளையாடிக்கொண்டிருத்தலும் கூடும். கோபம் முழுவதும் சங்கிலியின் மறுமுனையில் இருக்கின்றது.

பரம்பரைக்குப் பங்கில்லை என்று கூறவேண்டியதில்லை. ஆட்டைக் கண்ட மாத்திரத்திற் பதுங்கி உற்றுநோக்கும் மேய்ப்பு நாயின் பழக்கம், தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்ததன் விளைவு. ஆனால் அதன் எல்லையும் தெரிந்துள்ளது. ஸ்கொட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர் ஐந்து வகை நாய்களை நீண்டகாலம் ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூல், பிறந்து மூன்றாவது கிழமை தொடக்கம் ஏறத்தாழப் பன்னிரண்டாவது கிழமை வரையுள்ள காலமே நாயின் உறவுலகைத் தீர்மானிக்கும் பருவம் என்று காட்டியது. அப்பருவத்தில் ஆட்டுக்குட்டிகளோடு வளர்ந்த நாய்க்கு ஆடுகளே சுற்றம். மனிதரையே காணாது வளர்ந்த நாய்க்கு மனிதர் அச்சந்தரும் அந்நியர். 2022இல் வெளிவந்த பெரியதோர் ஆய்வு, 2,000க்கு மேற்பட்ட நாய்களின் மரபணுக்களையும் 18,000க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றிய தகவல்களையும் ஒப்பிட்டு, தனி நாய்களிடையே காணும் குண வேறுபாட்டில் ஏறத்தாழ 9 வீதத்தையே சாதி விளக்குகின்றது என்று கண்டது. நாய்க்கே சாதியால் விதி எழுத இயலவில்லை!

காவல், சுற்றத்தைப் பேணும் உணர்விலிருந்து எழுவது. ஆனால், சுற்றம் எது, அந்நியன் யார் என்பதை நாய்க்குக் கற்பிப்பவன் மனிதன். இவ்விடத்திலேதான் வரலாறு நுழைகின்றது.

கொலம்பஸ் 1493ஆம் ஆண்டின் இரண்டாம் பயணத்தில் நாய்களையும் கப்பலேற்றினார். 1495இல் ஹிஸ்பனியோலாத் தீவின் மக்களுக்கு எதிராக 200 காலாட்களும் 20 குதிரை வீரரும் 20 நாய்களும் ஏவப்பட்டனர். 1513இல் பல்போவா, பனாமாப் பகுதியிற் சுதேசிகள் ஏறத்தாழ நாற்பதின்மரை நாய்களுக்கு இரையாக்கினார். பார்த்தலொமே டி லாஸ் காசாஸ் என்னும் பாதிரியார் 1552இல் அச்சிட்ட நூல், இத்தகைய கொடுமைகளை ஐரோப்பாவின் மனச்சாட்சிக்கு முன்னே வைத்தது. பெசெரில்லோ என்ற படைநாய்க்கு வில்வீரனுக்குரிய பங்கு கணக்கிடப்பட்டது. பணம் எசமானின் பைக்குச் சென்றது. கடித்தது நாய், ஊதியம் ஆண்டானுக்கு.

அதே பெசெரில்லோவைப் பற்றி, அக்காலத்து வரலாற்றாசிரியர் ஒவியேதோ மற்றொன்றும் எழுதி வைத்துள்ளார். போர்த்தோ ரிக்கோத் தீவிற் படைவீரர் சிலர், பொழுதுபோக்காக, ஒரு மூதாட்டியின் கையிற் கடிதமொன்றைக் கொடுத்து ஆளுநரிடம் சேர்ப்பிக்குமாறு அனுப்பினர். சற்றுத் தூரம் சென்றதும் நாயை அவிழ்த்து விட்டனர். பாய்ந்து வரும் நாயைக் கண்ட அம்மூதாட்டி ஓடவில்லை. தரையில் அமர்ந்து, கடிதத்தைக் காட்டி, தன் மொழியிற் பணிவாக மன்றாடினாள். நாய் நின்றது, மோந்து பார்த்தது, ஒரு காலைத் தூக்கிச் சிறுநீர் கழித்துவிட்டு அகன்றது. செய்தியறிந்த ஆளுநர், நாயினும் இரக்கத்திற் குறைந்தவராக விரும்பாது, அவளை விடுவித்தாராம். வீரர் இதனை அற்புதம் என்றனர். ஓடாது அடங்கி அமர்ந்தவளிடம் துரத்தலைத் தூண்டும் எதுவும் இல்லை என்று நாம் இன்று விளக்கலாம். ஏவியவரின் நெஞ்சத்தை விளக்குவதுதான் அரிது.

கரும்புத் தோட்டங்களின் காலத்தில் இவ்வழக்கம் வாணிபமாயிற்று. 1795இல் ஜமெய்க்காவின் மலைகளில் விடுதலை பெற்று வாழ்ந்த மறூன் மக்களை அடக்க, பிரித்தானியர் கியூபாவிலிருந்து நூறளவான நாய்களையும் நாற்பதளவான நாய்க்காரரையும் தருவித்தனர். நாய்கள் வந்திறங்கிய செய்தியே போதியதாயிற்று, கிளர்ந்தெழுந்தோர் பணிந்தனர். நாடு கடத்துவதில்லை என்று தளபதி வோல்ப்போல் கொடுத்த வாக்கு மீறப்பட்டு, 1796இல் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் பனிசூழ்ந்த நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பப்பட்டனர். வோல்ப்போல் தமக்கு அளிக்கப்பட்ட பரிசு வாளை ஏற்க மறுத்தார். கடிக்காத நாயும் ஆயுதமே என்பதை ஜமெய்க்கா காட்டிற்று.

1803இல் ஹெயிட்டியின் விடுதலைப் போரை நசுக்க வந்த பிரெஞ்சுத் தளபதி ரொஷாம்போவும் கியூபாவிலிருந்தே நாய்களை வாங்கினார். கறுப்பு மனிதன் ஒருவனைக் கம்பத்திற் கட்டி, பட்டினி போட்ட நாய்களை அவன்மீது ஏவும் காட்சி பொதுமக்கள் முன்னிலையில் நடத்தப்பட்டது. நாய்கள் தயங்கின. உயர் அதிகாரி ஒருவர் அரங்கினுட் குதித்து அவன் வயிற்றை வாளாற் கிழித்த பின்னரே அவை பாய்ந்தன என்று ஹெயிட்டிப் புரட்சியின் வரலாற்றை எழுதிய சி. எல். ஆர். ஜேம்ஸ் கூறுகின்றார். பசித்த விலங்கும் தயங்கியது. பட்டாடை உடுத்தவர் தயங்கவில்லை. ஆயினும் நாய்கள் வரலாற்றை நிறுத்தவில்லை. 1804 ஜனவரி முதலாம் நாள் ஹெயிட்டி சுதந்திர நாடாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. ஜெர்மனியில் ஓநாய்கள் ஒழிந்தன, திறந்த மேய்ச்சல் நிலங்கள் சுருங்கின, மந்தைகள் குறைந்தன. இடையன் ஆலைக்கும் படைக்கும் போனான். அவனுடைய நாயும் வேலையிழந்தது. 1899இல் குதிரைப்படைக் கப்டனாயிருந்த வொன் ஸ்டெபானிற்ஸ், ஜெர்மன் மேய்ப்பு நாய்க்கென ஒரு சங்கம் நிறுவினார். அதே ஆண்டிற் பெல்ஜியத்தின் கென்ற் நகரப் பொலிசார் நாய்களை இரவு ரோந்துக்கு எடுத்தனர். மந்தையைச் சிதறாது சுற்றிவரும் நாயின் திறமை, மனிதக் கூட்டத்தைச் சுற்றி வளைக்கப் பயன்படலாயிற்று. உழைப்பாளியின் துணை அரசின் கருவியானது இவ்வாறே.

இதன் கொடுமுடியை நாஜிகளின் முகாம்களிற் காண்கின்றோம். ஏழு இலட்சத்துக்குக் குறையாத யூதர்கள் கொல்லப்பட்ட திரெப்ளிங்கா முகாமின் துணைத்தலைவன் குர்ட் பிரான்ஸ், பாரி என்ற பெரிய கலப்பு நாயை உடன் கொண்டு திரிந்தான். கைதியின்மீது அதனை ஏவுகையில் அவன் 'மனிதன்' என்று அழைத்தது நாயை. 'நாய்' என்று சுட்டியது கைதியை. 1964-65இல் டுசல்டோர்ப் நகரில் நடந்த விசாரணையின்போது நீதிமன்றம் இந்நாயின் குணத்தையும் ஆராய நேர்ந்தது. பிரான்ஸ் அருகில் இல்லாத வேளையில் அதே நாய் எவரையும் தீண்டாது படுத்திருந்தது, தடவிக் கொடுக்கவும் விட்டது என்று சாட்சிகள் கூறினர். 1943இன் இறுதியில் அது ஒரு மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே மேசையின் கீழே சாதுவாகக் கிடந்தது. ஒரே நாய் இருவேறு குணங் காட்ட இயலுமா? நிபுணராக அழைக்கப்பட்ட கொன்றாட் லொறென்ஸ், இயலும் என்றார். நாய் தன் எசமானின் அடிமனத்தைப் பிரதிபலிப்பது என்று விளக்கினார். 1965 செப்டெம்பர் 3ஆம் நாள் பிரான்சுக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது.

இந்த லொறென்ஸ் 1938இல் நாஜிக் கட்சியிற் சேர்ந்தவர். 1973இல் நோபல் பரிசு பெற்றவர். 1963இல் வெளியிட்ட நூலில், மூர்க்கம் உயிரினத்துள் தானே ஊறித் தேங்கி, வெளியேற வழி தேடும் உந்துதல் என்று வாதித்தவரும் அவரே. நூலில் மூர்க்கம் உள்ளிருந்து ஊறுகிறது. நீதிமன்றத்தில் அது எசமானிடமிருந்து வருகிறது. பாரியின் கதை நூலைவிட நீதிமன்றத்துக்கே சான்று பகர்கின்றது. மருத்துவரின் மேசைக்குக் கீழே கிடந்தபோது அந்நாயின் இரத்தம் மாறியிருக்கவில்லை, எசமான் மாறியிருந்தான்.

முகாம்கள் அழிந்தன, முறை அழியவில்லை. 1963 மே மாதத்தில் அமெரிக்காவின் பேர்மிங்ஹாம் நகரில், சமவுரிமை கோரி ஊர்வலம் வந்த பள்ளிச் சிறுவர்மீது பொலிஸ் நாய்கள் ஏவப்பட்டன. அப்புகைப்படங்கள் உலகெங்கும் பரவி, 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்கு வழிகோலின. 2015இல் அந்நாட்டு நீதித் திணைக்களம் பெர்குசன் நகரப் பொலிசாரை ஆராய்ந்தபொழுது, கடியுண்டோரின் இனம் பதிவாகியிருந்த ஒவ்வொரு சம்பவத்திலும் கடியுண்டவர் கறுப்பினத்தவராகவே இருந்தார். நாய்க்கு நிற வெறுப்பு ஏது? 2002 டிசம்பரில் பாதுகாப்புச் செயலாளர் றம்ஸ்பெல்ட், குவாந்தனாமோச் சிறையிற் கைதிகளின் நாய் அச்சத்தை விசாரணைக்குப் பயன்படுத்த அனுமதி அளித்தார். அடுத்த மாதமே அதனை மீளப்பெற்றார். பின்னர் ஈராக்கின் அபூ கிறைப் சிறையில் நாய்கள் கைதிகளின் முகத்துக்கு நேரே நிறுத்தப்பட்டன. 2006இல் இராணுவ நீதிமன்றங்கள் குற்றவாளிகளாகக் கண்டது நாய் பிடித்த கீழ்நிலைப் படையினர் இருவரை. இங்கும் அம்பைத்தான் நொந்தனர்!

இதே உணர்வு வேறு கைகளில் என்ன ஆகின்றது என்பதற்கும் சான்றுண்டு. நமீபியாவில் 1994 தொடக்கம் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம், அனத்தோலிய மேய்ப்பு நாய்க்குட்டிகளை விவசாயிகளுக்கு வழங்கி வருகின்றது. குட்டிகள் ஆடுகளோடு வளர்ந்து அவற்றையே சுற்றமாகக் கொள்கின்றன. சிவிங்கிப்புலி வந்தால் நாய் குறுக்கே நின்று குரைக்கின்றது, புலி விலகுகின்றது. ஆடு பிழைக்கின்றது; ஆட்டை இழந்த ஆத்திரத்திற் சுடப்படாமையாற் புலியும் பிழைக்கின்றது. அடிமையைத் துரத்திய நாய்க்கும் இந்நாய்க்கும் பல் ஒன்றே.

பல்லைப் பிடுங்குவதால் எதுவும் தீராது. பிறரைக் காக்கும் உணர்வு நாய்க்கும் மனிதனுக்கும் பொதுவான செல்வம். அதனைப் பழிக்க வேண்டியதில்லை. ஆனால், 'இவன் உன் சுற்றத்தான் அல்லன்' என்று அதற்குக் கற்பிப்பவர் எவர், அதனால் ஊதியம் பெறுவோர் எவர் என்று கேட்க வேண்டும். நாயால் அக்கேள்வியைக் கேட்க இயலாது. சங்கிலியில் நிற்பவன் மனிதனாயின், அவனால் இயலும். ஏவும் குரல் கேட்டதும் பாய்வதற்கு முன் ஒரு கணம் திரும்பி, குரலுக்குரியவனின் முகத்தைப் பார்க்க அவனால் இயலும். கல்வி என்பது அந்த ஒரு கணத்தை அவனுக்கு ஈட்டித் தருவதே.