ஓட்டை இல்லாத வீடு: ஓப்பன்பிஎஸ்டியின் கதை

கணினிக்கோ கைபேசிக்கோ பாதுகாப்பான இயங்குதளம் எது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். விண்டோஸா லினக்ஸா ஆப்பிளா என்று சண்டையே நடக்கும். அந்தச் சண்டையில் அதிகம் அடிபடாத பெயர் ஓப்பன்பிஎஸ்டி. ஆனால் இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அதன் பிள்ளைகளைத் தினமும் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்!

இதன் பிறப்பே ஒரு சண்டையில்தான். தியோ டி ராட் தென்னாப்பிரிக்காவில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். 1993இல் நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆளுக்குப் பேச்சில் காரம் அதிகம். 1994 டிசம்பரில் சக நிறுவனர்களே அவரை மையக் குழுவிலிருந்து விலகச் சொல்லிவிட்டார்கள். மாதக்கணக்கில் மின்னஞ்சலில் மல்லுக்கட்டிப் பார்த்தார், பலிக்கவில்லை. 1995 அக்டோபரில் கால்கரி நகரில் தனிக்கடை போட்டார். அதுதான் ஓப்பன்பிஎஸ்டி.

அடுத்த ஆண்டு இவர்கள் தொடங்கிய வேலைதான் முக்கியம். யாராவது உள்ளே புகுந்த பிறகு ஓட்டையை அடைப்பதுதான் அன்றைய வழக்கம். இவர்களோ மூலநிரலைக் கோப்பு கோப்பாக உட்கார்ந்து வாசித்தார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு பேர். தேடியது பாதுகாப்பு ஓட்டைகளைக்கூட அல்ல, சாதாரணப் பிழைகளை. ஓரிடத்தில் ஒரு பிழை கிடைத்தால், அதே வகைப் பிழை வேறெங்கே ஒளிந்திருக்கிறது என்று மொத்த நிரலையும் சலிப்பார்கள். இப்படித் திருத்திய பல பிழைகள் உண்மையிலேயே ஓட்டைகள்தான் என்பது பின்னால் மற்றவர்கள் அடிவாங்கியபோதுதான் தெரிந்தது.

கனடாவில் இருந்ததும் வசதியாகப் போயிற்று. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி மறையாக்க மென்பொருளை ஏற்றுமதி செய்வது ஆயுத ஏற்றுமதி மாதிரி! 2000இல்தான் அந்தப் பிடி தளர்ந்தது. ஆகவே மறையாக்க வேலையெல்லாம் அமெரிக்காவுக்கு வெளியே நடந்தது. 1999இல் ஓப்பன்எஸ்எஸ்எச் உருவானபோது, மிச்சிகனில் இருந்த ஜெர்மானியரான நீல்ஸ் ப்ரோவோஸ் எல்லை தாண்டி கனடாவின் சார்னியா ஊருக்குப் போய் நிரலைச் சேர்த்தார். தொலைவிலுள்ள வழங்கிக்குள் கடவுச்சொல் களவுபோகாமல் நுழைய உதவும் அந்த மென்பொருள் இன்று லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் இருக்கிறது. 2018 முதல் விண்டோஸ் 10இலும்கூட.

ஓப்பன்பிஎஸ்டியின் தளத்தில் ஒரு பெருமை வாசகம் உண்டு. இயல்பாக நிறுவினால், வெளியிலிருந்து உடைக்கக்கூடிய ஓட்டை ஒன்றுமில்லை என்பது அது. 2002இல் ஓப்பன்எஸ்எஸ்எச்சிலேயே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டதும் 'ஒன்றே ஒன்று' என்று மாற்றினார்கள். 2007இல் ஐபிவி6 பகுதியில் இன்னொன்று. 'இரண்டே இரண்டு' ஆயிற்று. விளம்பரத்தில் தன் தோல்வியைத் தானே எண்ணிக் காட்டும் வியாபாரி யார் இருக்கிறார்கள்?

பணத்துக்குத்தான் எப்போதும் திண்டாட்டம். 2001இல் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான தார்பா, பென்சில்வேனியா பல்கலைக்கழகம் வழியாக ஏறத்தாழ 23 லட்சம் டாலர் திட்டம் ஒன்றைக் கொடுத்தது. 2003இல் ஈராக் போர் மூண்டபோது, அந்தப் பணம் இங்கே வருவதால் ஏவுகணைக்குச் செலவாவது குறைகிறது என்ற பொருளில் டி ராட் ஒரு கனடியப் பத்திரிகையிடம் பேசினார். சில நாட்களில் நிதி நின்றது. அவர் பேச்சுதான் காரணம் என்று தார்பா ஒப்புக்கொள்ளவில்லை. நம்புவது அவரவர் விருப்பம். 2014 தொடக்கத்தில் மின்கட்டணம் 20,000 டாலர் கட்ட வழியில்லாமல் மொத்தத் திட்டமே முடங்கும் நிலை வந்தது. நன்கொடைகள்தான் காப்பாற்றின.

இதைவிடப் பெரிய சோதனை 2010 டிசம்பரில் வந்தது. எஃப்பிஐ பணம் கொடுத்து ஓப்பன்பிஎஸ்டிக்குள் பின்கதவு வைத்தது என்று ஒருவர் டி ராடுக்குத் தனி மின்னஞ்சல் அனுப்பினார். வேறொருவராக இருந்தால் கமுக்கமாக அமுக்கியிருப்பார். பெயரே பாழாகும் விஷயம் அல்லவா! டி ராட் அதை அப்படியே பொது அஞ்சல் பட்டியலில் போட்டுவிட்டார். யார் வேண்டுமானாலும் நிரலைப் பார்க்கட்டும் என்றார். பலரும் துருவிப் பார்த்தார்கள். சில பிழைகள் அகப்பட்டன, பின்கதவு அகப்படவில்லை.

இதற்காக எல்லாரும் நாளைக்கே ஓப்பன்பிஎஸ்டி நிறுவ வேண்டியதில்லை. ப்ளூடூத் கிடையாது (பராமரிக்க முடியவில்லை என்று 2014இல் தூக்கிவிட்டார்கள்), வேகமும் சுமார். கைபேசியில் ஓடும் இயங்குதளமும் அல்ல. ஆனால் ஆண்ட்ராய்டின் அடிப்படை சி நூலகத்தில் இவர்களுடைய நிரல் கணிசமாக இருக்கிறது. அந்தரங்கத்துக்குப் பேர்போன கிராஃபீன்ஓஎஸ் நினைவகத்தைப் பங்கிடும் முறையும் இவர்களுடைய வடிவமைப்பை ஒட்டியதே.

2024 ஜூலையில் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் மீண்டும் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது. உலகம் முழுக்க லினக்ஸ் வழங்கிகளை அவசரமாகப் புதுப்பித்தார்கள். ஓப்பன்பிஎஸ்டியில் அது பலிக்கவில்லை. 2001இலேயே அந்த இடத்தில் ஒரு பாதுகாப்பான செயற்கூறை எழுதி வைத்திருந்தார்கள்.