மோட்டார் வண்டியின் மின் காவலன்

மோட்டார் வண்டியின் முன்மூடியைத் திறந்து பார்ப்போர், இயந்திரத்தையும் பற்றரியையும் கண்டு மூடிவிடுவர். பழைய வண்டிகளின் உட்சுவரிலே திருகாணியாற் பொருத்தப்பட்டிருக்கும் சிறிய கறுப்புப் பெட்டியை நோக்குவோர் சிலரே. எனினும் அப்பெட்டி தன் கடமையில் தவறுமாயின், விளக்கும் நெடுநேரம் எரியாது. மறுநாட் காலையில் இயந்திரமும் புறப்படாது. அதுவே மின்னழுத்தச் சீராக்கி.

1912ஆம் ஆண்டின் கடிலாக் வண்டிகளிலே, சாள்ஸ் கெற்றரிங் வகுத்த மின்தொடக்கி இடம்பெற்றது. கையாற் சுழற்றி இயந்திரத்தைத் தொடக்கும் இடர் நீங்கியது. ஆனாற் புதியதொரு கவலை பிறந்தது. மின்தொடக்கிக்குப் பற்றரி வேண்டும். பற்றரிக்கு மின்னேற்றத் தைனமோ வேண்டும். தைனமோவோ, வேகம் கூடக் கூட மிகுதியான மின்னழுத்தத்தைத் தரும் இயல்புடையது. 12 வோல்ற்றுப் பற்றரிக்கு ஏறத்தாழ 14 வோல்ற்று மின்னழுத்தம் ஏற்றது. அது மிகுந்தால் பற்றரியின் நீர் வற்றும், விளக்கின் இழை கருகும்; குறைந்தாற் பற்றரி நிரம்பாது.

தொடக்க காலத்தில் இதனைக் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் சாரதியையே சார்ந்திருந்தது. 1927 முதல் 1931 வரை உற்பத்தியான போர்ட் ‘ஏ’ வகை வண்டியின் தைனமோவில் மூன்றாவது தூரிகையொன்று இருந்தது. அதனைக் கையால் நகர்த்தி மின்னேற்றத்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். நெடுந்தூரப் பகற்பயணத்திலே பற்றரி கொதியாதிருக்க, முன்விளக்குகளை எரியவிட்டுச் சென்றோரும் உளர்.

பின்னர் அப்பொறுப்பை அதிரும் நாவொன்று ஏற்றது. பிரித்தானியாவின் லூக்காஸ் நிறுவனத்தார் செய்த ஆர். பி. 106 என்னும் பெட்டி இதற்குத் தக்க சான்றாகும். 1948 முதல் 1971 வரை உற்பத்தியானதும், இலங்கை வீதிகளில் நெடுங்காலம் ஓடியதுமான மொறிஸ் மைனர் வண்டியை இயக்கியோர் அப்பெட்டியை நன்கு அறிவர். அதனுள் இரு கம்பிச் சுருள்கள் உள. மின்னழுத்தம் எல்லையைக் கடந்தால், ஒரு சுருள் காந்தமாகி இரும்பு நாவை இழுக்கும். தொடுகை முனைகள் பிரியும். தைனமோவின் காந்தப்புலத்துக்குச் செல்லும் மின்னோட்டம் ஒரு தடையின் வழியே சென்று குறையும். அழுத்தம் தாழ்ந்ததும் முனைகள் மீண்டும் சேரும். இது ஒரு செக்கனிற் பல முறை நிகழும். மற்றைச் சுருள், இயந்திரம் நின்றபின் பற்றரியின் மின்சாரம் தைனமோவுக்குத் திரும்பிச் செல்லாது தடுக்கும்.

ஆயினும், ஒவ்வொரு பிரிவிலும் சிறு பொறி எழும். காலப்போக்கில் முனைகள் கருகும், வில்லும் தளரும். அனுபவமுள்ள தொழிலாளி, முனைகளைத் துப்புரவாக்கித் திருகாணியைச் சிறிது திருப்பி அந்நோயைத் தீர்த்துவிடுவான்.

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் தோன்றியது. ஜேர்மானியத்தால் ஆன தொடக்ககாலத் திரான்சிற்றர்கள் இயந்திர வெப்பத்தைத் தாங்குவது அரிது. 1954இல் சிலிக்கன் திரான்சிற்றர் விற்பனைக்கு வந்தபின்னரே வழி திறந்தது. கிறைஸ்லர் நிறுவனம் 1960இன் வேலியன்ற் வண்டியிலே, சிலிக்கன் இருவாயிகளோடு கூடிய ஆடலோட்ட மின்பிறப்பாக்கியைப் பொருத்தியது. 1970ஆம் ஆண்டளவில் அசையும் உறுப்பற்ற சீராக்கியையும் ஏற்றது.

இன்று பழைய வண்டிகளைப் பேணுவோர் பலர், கறுப்பு மூடியை அவ்வாறே வைத்து, உள்ளிருக்கும் சுருள்களை நீக்கித் திரான்சிற்றர்களை அமைக்கின்றனர். பொறியில்லை, தேய்வில்லை, அடிக்கடி திருத்தவும் வேண்டியதில்லை. ஆனால் அதிரும் முனைகளுக்கு ஈடாக ஒரு திரான்சிற்றரை வைப்பதோடு வேலை முடிவதன்று. திரும்போட்டத்தைத் தடுக்க இருவாயி வேண்டும். 20 அம்பியர் செல்லும் சாதாரண சிலிக்கன் இருவாயியில் ஏறத்தாழ 14 உவாற்று வெப்பம் எழுமாதலால், அதனை வெளியேற்ற உலோகத் தகடும் வேண்டும். பழைய சுருளின்மேல் சுற்றப்பட்டிருந்த சில தடித்த சுற்றுக்கள், மின்னோட்டம் பெருகும்போது மின்னழுத்தத்தைத் தாழ்த்தித் தைனமோவைக் காத்தன. ஆடலோட்ட மின்பிறப்பாக்கி தன் மின்னோட்டத்துக்குத் தானே எல்லை வகுக்கும், தைனமோ அவ்வாறன்று. அச்சுற்றுக்களின் கடமையை மறந்து மாற்றியமைப்பவன், வெறுமையான பற்றரியொன்றை மின்னேற்றும் நாளிலே தைனமோவை எரித்துவிடக்கூடும். 1960களின் நடுப்பகுதிவரை பல பிரித்தானிய வண்டிகளிற் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இதனை நோக்காது முனைகளை மாற்றி இணைத்தால், புதிய உறுப்புக்கள் கணப்பொழுதில் அழியும். பழைய நாவோ அப்பிழையைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும்.

ஆகவே, பழைய பெட்டியைக் குறையுடையதென ஒதுக்குமுன், அது ஓசையின்றிச் செய்துவந்த தொழில்கள் அனைத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவற்றை முற்ற அறிந்தவன் அமைக்கும் புதிய காவலனே பழையதினும் நெடுநாள் நிலைத்து நிற்கும்.